துரைக்கு முன்னால் ஒரு சைக்கிள்

1941ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகள் பெரும்பாலும் எவருக்கும் உடனே புரிபவை. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. கள்ளுக்கடையை மூட வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பும் நோயாளிகளுக்கு ஒழுங்கான மருத்துவமும் வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். இவற்றின் நடுவே ஒரு கோரிக்கை இன்றைய வாசகரைச் சற்றுத் தயங்க வைக்கும். வெள்ளைக்கார மேலாளர்களுக்கும் ஆசிய அலுவலர்களுக்கும் முன்னால், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதிக்க வேண்டும் என்பதே அது.

அதுவரை இறங்க வேண்டியிருந்தது என்பதுதான் இதன் பொருள். தோட்டத்துச் சாலையில் துரையோ, கிராணி எனப்படும் ஆசிய அலுவலரோ கண்ணில் பட்டால் சைக்கிளில் இருப்பவன் தரையில் கால் ஊன்றியாக வேண்டும். போக்குவரத்துச் சட்டம் எதிலும் எழுதப்படாத விதி இது. ஆனால் தோட்டத்தில் அதை அறியாதவர் கிடையாது.

சைக்கிள் மேல் அப்படி என்ன கோபம்? துரைக்குக் குதிரை இருந்தது, பிறகு கார் வந்தது. கங்காணிக்கும் கிராணிக்கும் அவரவர் தரத்துக்கு ஏற்ற வாகனம் இருந்தது. பால் மரக்காட்டில் வேலை செய்தவனுக்கோ கால்கள் மட்டுமே. அவன் யாரையாவது முந்திப் போவான் என்ற பேச்சுக்கே இடமில்லை. சைக்கிள்தான் அந்தக் கணக்கைக் கலைத்தது. கூலிக்காரன் தன் காசில் வாங்கக்கூடிய முதல் வேகம் அது. அதில் ஏறி உட்கார்ந்தவன் நடந்து போகும் கிராணியைச் சிரமமில்லாமல் கடந்துவிடுவான். சேணத்தில் அமர்ந்த தொழிலாளியின் தலை, நிற்கும் அதிகாரியின் தலைக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கும். இதைப் பொறுக்க முடியாமல்தான் இறங்கச் சொன்னார்கள். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இந்தக் கோபம் தோட்டத்தில் முளைத்ததும் அல்ல. அது கப்பலேறி வந்தது. திருவிதாங்கூரில் வெங்கானூர் அய்யங்காளி 1893இல் ஒரு வில்வண்டியை வாங்கி, தம் சாதியார் போகக் கூடாது என்று தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் அதை ஓட்டிக்கொண்டு போனார். வண்டி என்ன வேகத்தில் போனது என்பது அங்கே யாருக்கும் பொருட்டாக இருக்கவில்லை. அதில் உட்கார்ந்திருந்தவர் யார் என்பதுதான் பொருட்டு. ஐம்பது ஆண்டு கழித்துக் கிள்ளானில் எழுந்த சைக்கிள் கோரிக்கைக்கு அந்த வில்வண்டி மூத்த உறவு.

கிள்ளான் வேலைநிறுத்தத்தை ஒருங்கிணைத்தவர்களில் முதன்மையானவர் ஆர்.எச். நாதன். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை நடத்தியவர். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர். 1941 மே மாதத் தொடக்கத்தில் அவரைக் கைது செய்தார்கள். வேலைநிறுத்தம் தணிவதற்குப் பதிலாக மேலும் பற்றிக்கொண்டது. சிலாங்கூரில் துருப்புகள் இறக்கப்பட்டன, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அந்தப் படையில் கணிசமான பகுதி சைக்கிளில் வந்தது என்பதையும் பின்வாங்கிய துரைமார்களை அது நெடுஞ்சாலைகளில் துரத்திப் பிடித்தது என்பதையும் வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சைக்கிள்காரன் கேட்டது முந்திப் போகும் உரிமையை. இன்று, பாதுகாப்பாக முந்திச் செல்வது எப்படி என்று ஓட்டுநர் பள்ளியில் கற்றுத் தருகிறார்கள்: கண்ணாடியைப் பார், விளக்கைப் போடு, தோளுக்கு மேல் திரும்பிப் பார், பிறகு விலகு. எல்லாம் சரிதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. முந்துவதற்கு யாருடைய சம்மதம் வேண்டும்? கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது, நாற்பது கிலோமீட்டரில் இந்தக் கேள்விக்கு நூற்று நாற்பது ஆண்டுகளாக வெவ்வேறு பதில்கள் கிடைத்து வந்திருக்கின்றன.

முதல் பதிலைச் சொன்னது ரயில். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு ஓலைக் குடிசைகளை அழித்த பிறகு, 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் ஊரைச் செங்கல்லால் கட்டச் சொன்னார். அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். 1886 செப்டம்பர் 15 அன்று கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. அதுவரை துறைமுகத்துச் சரக்கு ஆற்றுவழியாக டாமன்சாரா வரை வந்து, பிறகு தரைவழியாகக் கோலாலம்பூருக்குப் போய்க்கொண்டிருந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்படுவதற்குள் பாதை கடல்வரை நீண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்காரர்களின் ஊராயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் உட்கார்ந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாளம் போட்டார்கள். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில், விவேகானந்தா ஆசிரமம், ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்று அழைக்கப்பட்ட ஊழியர் குடியிருப்பு எல்லாம் அந்தக் காலத்து மிச்சம். குவார்ட்டர்ஸ் மட்டும் இடிக்கப்பட்டுவிட்டது.

ரயிலிலும் முந்துதல் உண்டு. ஆனால் அது எஞ்சின் ஓட்டுபவர் கையில் இல்லை. ஒற்றைத் தடத்தில் மெதுவாக வரும் சரக்கு வண்டியை நிலையத்துப் பக்கத் தடத்தில் ஒதுக்கி நிறுத்துவார்கள். மெயில் வண்டி நேரே போகும். யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்பது நிலைய அதிபரின் முடிவு. அதற்கு அடையாளம் டோக்கன். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு டோக்கன்தான் பெட்டியை விட்டு வெளியே வரும். அது கையில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. ஓடும் எஞ்சினிலிருந்து ஓட்டுநர் கையை நீட்டி, வளையத்தில் கோத்த டோக்கனை நடைமேடையில் நிற்பவரிடம் வாங்கிக்கொள்ளும் காட்சியை மலாயா ரயில்வேயில் வளர்ந்த தலைமுறை நன்கு அறியும். சிங்கப்பூரின் புக்கித் தீமா நிலையத்தில் அது 2011 ஜூன் 30 வரை நடந்தது. கடைசி நாளில் அதைப் படமெடுக்கக் கூட்டம் கூடியது.

ஆக, ரயிலில் முந்துபவர் கேட்பதுமில்லை, முந்தப்படுபவர் கொடுப்பதுமில்லை. மூன்றாமவர் ஒருவர் முடிவு செய்கிறார். இதைவிடப் பாதுகாப்பான முந்துதல் உலகில் எங்கும் கிடையாது. இதைவிட மெதுவானதும் கிடையாது.

சாலை வேறு மாதிரி. அங்கே நிலைய அதிபர் இல்லை. கோலாலம்பூரிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வழியாகக் கிள்ளானுக்குப் போன பழைய சாலையில் முதலில் ஓடியவை மாட்டு வண்டிகள். மைல்கல்லை வைத்துத்தான் வழியிலிருந்த ஊர்களை அடையாளம் சொன்னார்கள். மூன்றாம் கட்டை, ஐந்தாம் கட்டை என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. பின்னால் மோட்டார் வண்டிச் சத்தம் கேட்டால் வண்டிக்காரர் மாட்டை இடப்பக்கம் ஒடிப்பார். ஒரு சக்கரம் மண்ணில் இறங்கும், வண்டி சாயும், மோட்டார் கடந்து போகும், புழுதி அடங்கிய பிறகு மாடு மீண்டும் மேலே ஏறும். முந்துபவர் செய்த வேலை ஹாரன் அடித்தது மட்டுமே. மற்றதெல்லாம் முந்தப்பட்டவர் செய்தது. இந்த ஏற்பாட்டில் யார் மாட்டு வண்டியில் இருந்தார்கள், யார் மோட்டாரில் இருந்தார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மோட்டார்கள் பெருகி, மோட்டாரை மோட்டார் முந்த வேண்டி வந்தபோது சமமானவர்களுக்கு இடையே ஒரு பேச்சு மொழி தேவைப்பட்டது. கை அதைத் தந்தது. முன்னால் போகும் ஓட்டுநர் வலக்கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டி முன்னும் பின்னுமாக வீசினால், ‘நான் ஓரமாகப் போகிறேன், நீ வா’ என்று பொருள். பிரிட்டன் 1931இல் வெளியிட்ட முதல் நெடுஞ்சாலை விதிநூலில் இந்தச் சைகை இருந்தது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலும் இருந்தது. முந்துவது இருவர் சேர்ந்து செய்யும் வேலை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டமும் சொன்னதில்லை. 1968இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை இதையே கடமையாக எழுதியது: முந்தப்படுபவர் ஓரத்தை ஒட்டிப் போக வேண்டும், வேகத்தைக் கூட்டக் கூடாது.

வேகத்தைக் கூட்டக் கூடாது என்று சர்வதேச உடன்படிக்கையில் எழுத வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பது வண்டி ஓட்டும் எல்லாருக்கும் தெரியும். இதுவரை அசைந்து அசைந்து போனவர், நாம் பக்கத்தில் வந்ததும் திடீரென்று விழித்துக்கொண்டு மிதிப்பார். அவருக்குள்ளும் ஒரு துரை உட்கார்ந்திருக்கிறார் போலும்.

மலேசியாவில் கைச் சைகை மறைந்து விளக்கு வந்தது. இருவழிச் சாலையில் லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட காருக்கு லோரிக்காரர் இடப்பக்க விளக்கைப் போட்டுக் காட்டினால் வழி காலி, போகலாம். வலப்பக்க விளக்கைப் போட்டால் எதிரே வண்டி வருகிறது, பொறு. கடந்து போனவர் நன்றி சொல்லும் முறையாக ஒரு தடவை லேசாக ஹாரன் தட்டுவார். இதை எந்த ஓட்டுநர் பள்ளியும் சொல்லித் தருவதில்லை. தமிழ்நாட்டு லோரியின் பின்பக்கத்தில் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதியிருக்கும்; அங்கே ஹாரன் ஓர் அனுமதிக் கடிதம். மலேசியாவில் பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் வசைச்சொல்லாக எடுத்துக்கொள்வார்கள். சென்னையிலிருந்து வந்து கோலாலம்பூரில் முதல்முறை கார் ஓட்டும் உறவினருக்கு இந்த ஒன்றைச் சொல்லி வைப்பது வீட்டாரின் கடமை. லோரிக்காரரின் விளக்கிலும் ஓர் ஆபத்து உண்டு. அவர் உண்மையாகவே வலப்பக்கம் திரும்ப விளக்குப் போட்டிருக்கலாம். அவருடைய கண்ணை நம்பி நம் உயிரை வைப்பது பழைய வழக்கமே தவிர நல்ல வழக்கம் ஆகாது.

சொல்லையும் கொஞ்சம் பார்க்கலாம். தமிழில் ‘முந்து’. மலாயில் ‘மெமோத்தோங்’, ‘போத்தோங்’ என்றால் வெட்டு. மலேசியத் தமிழரின் பேச்சிலும் இந்த வெட்டு நுழைந்துவிட்டது. முந்துவதில் முன்பின் என்ற வரிசை மட்டுமே இருக்கிறது. வெட்டுவதில் ஒரு கத்தியும் ஒரு காயமும் இருக்கின்றன. ஒருவன் தன்னை முந்தியதாகச் சொல்பவர் நிதானமாகத்தான் சொல்வார். வெட்டியதாகச் சொல்லும்போது குரல் உயர்ந்துவிடும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்றார்கள் பெரியவர்கள். மாலை ஆறு மணிக்குக் கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலை பந்தியா படையா என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போகவில்லை.

இருவழிச் சாலையில் முந்துவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிய டிரெய்லர் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது. கார் 80இல் முந்துகிறது. டிரெய்லரின் நீளம் 16 மீட்டர் என்றும் காரின் நீளம் 4 மீட்டர் என்றும், முன்னும் பின்னும் 20 மீட்டர் இடைவெளி என்றும் வைத்தால், கார் கூடுதலாகக் கடக்க வேண்டியது 60 மீட்டர். இரண்டுக்கும் வேக வித்தியாசம் வினாடிக்கு ஐந்தரை மீட்டர்தான். ஆக, கிட்டத்தட்ட 11 வினாடி கார் தப்பான பக்கத்தில் இருக்கிறது. அதற்குள் அது 240 மீட்டர் ஓடிவிடும். எதிரே 80இல் வரும் வண்டியும் இன்னொரு 240 மீட்டர் ஓடிவரும். அரை கிலோமீட்டர் காலியாக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு நேராகும். மேடு, வளைவு, மழை எதுவும் இல்லாத அரை கிலோமீட்டர். தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போன பழைய சாலைகளில் அப்படி ஒரு நீளம் எத்தனை இடத்தில் கிடைத்திருக்கும்? இரட்டை வெள்ளைக் கோடு அந்தக் கேள்விக்கான பதில். இல்லாத நிலைய அதிபருக்குப் பதிலாகத் தரையில் படுத்திருக்கும் கோடு அது. பார்வை எட்டாத இடத்தில் சாலையைப் போட்டவர் நமக்காகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

எதிரே வண்டியே வராத சாலை அடுத்த பதில். கூட்டரசு நெடுஞ்சாலை கோலாலம்பூரையும் கிள்ளானையும் இருபுறமும் பிரிந்த தடங்களால் இணைத்தது. 1993இல் புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலையும், 1994 செப்டம்பரில் முழுமையடைந்த வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையும் அதைத் தொடர்ந்தன. நேருக்கு நேர் மோதும் பயம் பெருமளவு விலகியது. ஆனால் பிரிந்த சாலையில் முந்துதல் வேறு உருவம் எடுத்தது. வலத்தடத்தில் 90இல் ஒருவர் நிம்மதியாகப் போகிறார்; 110 வரை போகலாம் என்று பலகை சொல்கிறது; பின்னால் வருபவர் விளக்கை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு இடப்பக்கமாக வெட்டுகிறார். இங்கே குற்றம் யாருடையது? இடப்பக்கம் முந்துபவர் தப்புச் செய்கிறார், சந்தேகமில்லை. வலத்தடத்தைத் தன் பட்டா நிலமாக நினைத்துக்கொண்டு போகிறவரும் பாதித் தப்பைச் சுமக்கிறார். பெரும்பாலும் முந்துபவருக்கே சம்மன் போகிறது என்பதால் மற்றவர் நிரபராதி ஆகிவிடுவதில்லை.

முந்துதலின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் பஸ் மினியை நினைத்துப் பார்க்க வேண்டும். 1975 செப்டம்பரில் கோலாலம்பூரில் ஓடத் தொடங்கிய அந்தச் சின்னப் பேருந்துகள் பிற்காலத்தில் இளஞ்சிவப்பு நிறத்தால் அடையாளம் பெற்றன. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவுவார். நிறுத்தம் என்பது கை காட்டிய இடம். நின்றுகொண்டே போனவர்கள் கூரைக்கு ஏற்பத் தலையைச் சாய்த்துக்கொண்டு போனார்கள். அந்தத் தலைமுறையில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வேலைக்குப் போனவரைக் கேட்டால் ஒரு பஸ் மினி கதையாவது சொல்லாமல் விடமாட்டார். அநேகமாக அது முந்தியது பற்றிய கதையாகத்தான் இருக்கும்.

அந்த ஓட்டுநர்கள் எல்லாரும் பிறவியிலேயே முரடர்கள் என்று நினைக்கத் தேவையில்லை. ஒரே வழியில் இரண்டு பஸ் மினி அடுத்தடுத்து வந்தால், முன்னால் போகும் வண்டி நிறுத்தத்தில் நிற்கும் பயணிகளை அள்ளிக்கொள்ளும். பின்னால் வருவதற்குக் காலி நிறுத்தம்தான் மிஞ்சும். வசூல் கூடினால் வருமானம் கூடும் என்ற ஏற்பாட்டில், அடுத்த நிறுத்தத்துக்குள் முன்வண்டியை முந்துவது வேகப் பித்து ஆகாது, அது வயிற்றுப் பாடு. இலங்கையில் 1979க்குப் பிறகு தனியார் பேருந்துகள் ஓடத் தொடங்கியதும் கொழும்பு வீதிகள் கண்டது இதே பந்தயத்தைத்தான். ஓட்டுநருக்குப் புத்தி சொல்லி இதை நிறுத்திவிடலாம் என்று இரண்டு நாட்டிலும் நினைத்தவர்கள் உண்டு. டிக்கெட் கணக்கை மாற்றாமல் புத்தி சொல்வது வீண். 1998 ஜூன் முடிவோடு பஸ் மினி ஓய்வு பெற்றது. இப்போது அதை நினைத்து ஏங்குகிறவர்கள் அதில் தினமும் போகாதவர்களாக இருக்கக்கூடும்.

முந்துவதைக் காசு கொடுத்துப் பார்க்கும் இடமும் இதே நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. ஷா ஆலாமுக்கு அருகே பத்து தீகா பந்தயத் தடம் 1968இல் திறக்கப்பட்டது. 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மலேசியச் சுற்று அங்கே நடந்தது. 1999இல் சிப்பாங் பந்தயத் தடம் வந்தது. பழைய தடத்தைப் பின்னர் இடித்து வீடு கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் நேரே கூட்டரசு நெடுஞ்சாலையில்தான் ஏறினார்கள். எல்லாருமே பார்வையாளர்களாக மட்டும் வீடு திரும்பினார்களா என்பது வேறு விஷயம்.

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். மலேசியத் தமிழர் ‘மோட்டார்’ என்று மட்டும் சொன்னால் அது மோட்டார் சைக்கிள்தான். ஹோண்டா கப் வகைச் சின்ன வண்டிக்குக் ‘கப்சாய்’ என்று பெயர். தோட்டத்தைவிட்டு நகரத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன தலைமுறையை ஏற்றிச் சென்றது இந்தக் கப்சாய். 1941இன் சைக்கிளுக்கு நேர் வாரிசு. விலை குறைவு, எரிபொருள் குறைவு, நெரிசலில் எங்கும் நுழையும், எல்லாரையும் முந்தும். சாவிலும் முந்தியது. 2016இல் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் இறந்தார்கள்; அவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

இந்தச் சாவுகளைக் குறைக்க நடந்த இரண்டு முயற்சிகள் முந்துதலோடு நேரே தொடர்புடையவை. முதலாவது, 1970களின் தொடக்கத்தில் உலக வங்கித் திட்டத்தின் கீழ் கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டிப் போட்ட தனி மோட்டார் சைக்கிள் தடம். உலகிலேயே இப்படிப்பட்ட முதல் தடம் இது என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். காரும் லோரியும் மோட்டாரை முந்தவே தேவையில்லாதபடி அவரவருக்கு ஒரு பாதை. 1990களில் அந்தத் தடம் நீட்டிக்கப்பட்டபோது, பின்னாளில் மிரோஸ் எனப்படும் மலேசிய சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநரான ராடின் உமாரும் அவருடைய குழுவினரும் விபத்துகளைக் கணக்கிட்டார்கள். மோட்டார் சைக்கிள் விபத்து 39 விழுக்காடு குறைந்திருந்தது. சாலைப் பாதுகாப்பில் ஒரே நடவடிக்கை இவ்வளவு பலன் தருவது அபூர்வம்.

இரண்டாவது, 1992இல் பகலிலும் மோட்டார் சைக்கிள் விளக்கு எரிய வேண்டும் என்று வந்த விதி. எதிர்த்தடத்தில் முந்தப் புறப்படும் கார்க்காரரும் வலப்பக்கம் திரும்ப நிற்பவரும் லோரியைப் பார்ப்பார்கள், பஸ்ஸைப் பார்ப்பார்கள். மெல்லிய மோட்டார் அவர்கள் கண்ணில் விழுவதே இல்லை. பார்த்தும் பார்க்காதது போல. சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடந்த ஆய்வில், விளக்கு எரியத் தொடங்கிய பிறகு ‘கண்ணில் படவில்லை’ வகை விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தன. துரைக்கு முன்னால் தொழிலாளி சைக்கிளில் தெரியவே கூடாது என்றிருந்த ஊரில், அவனைக் கட்டாயம் தெரிய வைக்கும் சட்டம் வர ஐம்பது ஆண்டு ஆயிற்று.

தனித்தடத்திலும் குறை உண்டு. அகலம் குறைவு, பாலங்களுக்கு அடியில் சுரங்கமாக நுழைந்து வெளிவருகிறது, மழை பெய்தால் பாலத்தடியில் மோட்டார்கள் கூட்டமாக ஒதுங்குகின்றன. அந்த ஒடுங்கிய இடத்திலும் 250 சிசி மோட்டார் கப்சாயை முந்துகிறது. கப்சாய், அதே தடத்தில் வரும் சைக்கிள்காரரை முந்துகிறது. வேகமானவரையும் மெதுவானவரையும் எத்தனை முறை பிரித்து வைத்தாலும், பிரித்த இடத்துக்குள்ளேயே ஒரு வேகமானவரும் ஒரு மெதுவானவரும் புதிதாக முளைத்துவிடுகிறார்கள்.

பண்டிகைக் காலத்தில் காவல்துறை நடத்தும் சோதனைகளில் விட்டுக்கொடுக்காமல் சம்மன் எழுதும் குற்றங்கள் என்று ஆறைச் சொல்வது வழக்கம்: வேக வரம்பு மீறுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, வண்டி ஓட்டும்போது கைப்பேசி, இரட்டைக் கோட்டில் முந்துவது, வரிசையை வெட்டுவது, அவசரத் தடத்தில் ஓடுவது. ஆறில் மூன்று முந்துதல் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பலகாரமும் பூவும் வாங்கிவிட்டு வடக்கே தாய்தகப்பன் வீட்டுக்குக் கிளம்புகிற குடும்பம் எல்லாருக்கும் இந்தப் பட்டியல் பாராமல் தெரியும். அவசரத் தடத்தில் ஏறுகிறவருக்கும் தெரியும். வரிசையில் நிற்கும் ஆயிரம் பேரிடமும் அவர் சம்மதம் கேட்கவில்லை. பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் விலக அவருக்கு இடமும் இல்லை.

கிள்ளான் ஆற்றின் மேல் இந்த வரலாற்றுக்கு இரும்பில் வார்த்த ஒரு சாட்சி நிற்கிறது. போரில் அழிந்த பழைய பாலத்துக்குப் பதிலாக 1950களின் இறுதியில் எழுப்பிய கோத்தா பாலம் இரண்டு அடுக்குக் கொண்டது. மேல்தளம் மோட்டார் வாகனங்களுக்கு. அதற்கு அடியில், கிட்டத்தட்ட ஆற்றை எட்டிப் பார்க்கும் உயரத்தில், நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் கீழ்த்தளம். மேலே போனவர் கீழே போனவரை முந்தியபோது இருவருக்கும் அது தெரியவே தெரியாது. ஹாரன் இல்லை, ஒதுங்குதல் இல்லை, இறங்குதல் இல்லை. வேலைநிறுத்தம் நடந்து இருபது ஆண்டு ஆவதற்குள் அதே ஊரில் கட்டியது.

1990களில் பக்கத்திலேயே அகலமான புதிய பாலம் வந்தது. போக்குவரத்து முழுவதும் அங்கே மாறிவிட, பழைய பாலத்தின் மேல்தளத்தில் வாகன ஓட்டம் நின்றுபோனது. கீழ்த்தளத்தில் அதற்குப் பிறகும் கிள்ளான்வாசிகள் நடந்து போனார்கள், சைக்கிளில் போனார்கள்.